அளக்கக்கூடிய வினைச்சொல்

ஆறு மணிக்கு எழுகிறேன், பல் துலக்குகிறேன், குளிக்கிறேன், அப்புறம் ரொட்டியும் சீஸும் சாப்பிடுகிறேன் என்று எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே போனாள், பூங்கோதை தலையாட்டிக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து இந்த அறைக்குள் வந்த எல்லோரும் ஆறு மணிக்குத்தான் எழுந்தார்கள், எல்லோரும் ரொட்டியும் சீஸும்தான் சாப்பிட்டார்கள். கோயம்புத்தூரில் எந்த வீட்டில் விடிந்ததும் சீஸ் தின்கிறார்கள், இந்தப் பெண் விடுதியில் இருப்பவள், இன்றைக்கு விடுதியில் ரவா கிச்சடி, அடிப்பிடித்துவிட்டது என்று வராந்தாவில் யாரோ அலுத்துக்கொண்டது காதில் விழுந்தது, அடிப்பிடித்த கிச்சடியை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தியும் கேட்டதில்லை, தானும் சொல்லித் தந்ததில்லை. 'என் ஒரு நாள்' என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கிறது, அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் வாய்மொழித் தேர்வு, அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஜெர்மனில் சில வினைச்சொற்களுக்கு வால் உண்டு, அந்த வால் வாக்கியத்தின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும், இந்தப் பெண்ணின் வால்கள் எல்லாம் அதனதன் இடத்தில் சமர்த்தாக நின்றன, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயசிங் சார், வேறு கல்லூரியிலிருந்து வந்திருக்கும் புறத்தேர்வாளர், உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம் என்ற நான்கு கட்டங்களிலும் எண்ணைப் போட்டுவிட்டுப் பேனாவைச் சுண்டினார். நன்று, போகலாம் என்றார். ஸேர் ஷோன் என்று பூங்கோதையின் வாய் தானாகச் சொன்னது, மிக அழகு என்று அர்த்தம், சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஏனென்றால் ஜெனிட்டாவும் அதைத்தான் சொன்னாளாம், தினமும், அந்தக் கிழவரிடம், ஸேர் ஷோன், ஸேர் ஷோன் என்று.

கைப்பையில் போன் இருக்கிறது. தேர்வு அறையில் எடுக்கக்கூடாது, எடுத்தாலும் என்ன சொல்வது. காந்திபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில்தான் அந்தக் குரல்செய்தியைக் காதில் மாட்டிக் கேட்டாள், ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில், மூன்று வருஷத்துக்கு முன் மாலை வகுப்பில் படித்த நர்சிங் மாணவி ஜெனிட்டா, நாகர்கோவில்காரி, முதல் வரிசையில் உட்காருவாள், இப்போது ஜெர்மனியில் ஏதோ சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் நர்ஸ், சாக்லேட் அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் பேசியிருப்பாள் என்று நினைத்துக் கேட்டாள். "மேடம், ஜெனிட்டா பேசறேன். நல்லாயிருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும் மேடம். இங்க ஹெர் ப்ராண்ட்னு ஒரு தாத்தா. சாயங்காலம் நான்தான் அவருக்கு ஷூ மாட்டி நடக்கக் கூட்டிட்டுப் போவேன். நடக்கும்போது தெனமும் ஒண்ணு சொல்லுவாரு, ட்ரூக்ட், ட்ரூக்ட்னு. கையப் புடிச்சு அழுத்தச் சொல்றாருன்னு நெனச்சு நான் கைய அழுத்திப் புடிச்சுக்குவேன் மேடம். ஸேர் ஷோன்னு சொல்லுவேன். அவரும் பேசாம நடப்பாரு. நேத்து சாக்ஸக் கழட்டினா பெருவிரல் பூரா புண்ணு, கறுத்துக் கெடக்கு. சுகர் உள்ளவரு மேடம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. ஷூ கடிக்குதுன்னுதான் இத்தன நாளும் சொல்லியிருக்காரு." தூரத்தில் ஏதோ தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம். "மேடம், அந்த வார்த்தை நம்ம புக்ல இருந்துச்சா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். இருந்துச்சா மேடம்?"

இருந்தது. பஸ் லட்சுமி மில் சிக்னலில் நிற்கும்போதே பூங்கோதைக்கு அந்தப் பக்கம் கண்முன் வந்துவிட்டது, ஒரு கடையின் கண்ணாடிக் கதவு, அதில் ஒரு பலகை, ட்ரூக்கன், ட்ரூக்ட்டின் மூலச்சொல், அழுத்தித் தள்ளவும். உதட்டை உ என்று குவித்துக்கொண்டு இ என்று சொல்லுங்கள் என்று வகுப்பு முழுவதையும் மீன் மாதிரி வாய் குவிக்க வைத்தாள், எல்லோரும் சிரித்தார்கள், ஜெனிட்டா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். வெறும் உ என்று சொன்னால் ட்ருக்கன், அச்சடிப்பது, குவித்த வாயால் இ என்று சொன்னால் ட்ரூக்கன், அழுத்துவது, இரண்டையும் குழப்பினால் அரை மதிப்பெண் போச்சு என்று மிரட்டினாள், பரீட்சையிலும் கேட்டாள், கோடிட்ட இடத்தில் எது வரும், ஜெனிட்டா எல்லாவற்றையும் சரியாக நிரப்பியிருந்தாள். அதற்கு மதிப்பெண் போட்டது இந்தக் கைதான், சான்றிதழில் ஏ கிரேடு என்று போட்டுக் கையெழுத்து வைத்ததும் இந்தக் கைதான். ஆனால் அந்த வார்த்தை கதவை விட்டு இறங்கி ஒரு ஷூவுக்குள் போகவே இல்லை. தமிழில் செருப்பு கடிக்கும், ஜெர்மனில் ஷூ அழுத்தும், இவ்வளவுதான் விஷயம், ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா சொல்லித் தர, அந்த நிமிஷத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தாள், ட்ரூக்கனின் இறந்தகால வடிவங்களைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்திருப்பாள், சாக்பீஸ் தூள் சேலையில் விழ. அந்தப் பெண் கையை அழுத்தியிருக்கிறாள். கிழவர் கால் வலிக்கிறது என்கிறார், இவள் ஆதரவாகக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மிக அழகு என்கிறாள், அவர் அப்புறம் பேசாமல் நடக்கிறார். அந்தப் பேசாமல் நடந்ததில்தான் பூங்கோதையின் மனசு போய்ப் போய் முட்டிக்கொண்டது. என்ன நினைத்திருப்பார். இந்தப் பெண் தெரிந்தேதான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்திருப்பாரோ.

அடுத்து வந்த பையனும் ஆறு மணிக்கு எழுந்தான். மின்விசிறி கடக் கடக் என்றது. பியூன் அய்யாசாமி டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, துறைத்தலைவர் நீலமேகம் சார் கேட்கச் சொன்னார், மத்தியானம் கூட்டத்துக்கு அது ரெடியா என்று காதருகில் கிசுகிசுத்தார். அது என்பது கற்றல் விளைவுகள். பாடத்திட்டத்தையே மாற்றுகிறார்கள், ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து விளைவுகள் எழுத வேண்டும், ஜெர்மன் தாளுக்கு எழுதும் வேலை பூங்கோதையின் தலையில் விழுந்தது, நான்கு எழுதிவிட்டாள், ஐந்தாவதில் நிற்கிறாள், ஒரு வாரமாக. பாடத்தின் முடிவில் மாணவரால் எளிய வாக்கியங்களைப் பிழையின்றி அமைக்க இயலும். மாணவரால் தம் அன்றாட நடவடிக்கைகளை விவரிக்க இயலும். இயலும், இயலும், எழுத எழுத அந்தச் சொல் அர்த்தம் கழன்று வெறும் சத்தமாகிவிட்டது. முதலில் அவள் எழுதியது வேறு, பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வார் என்று எழுதியிருந்தாள், நீலமேகம் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு அதன்மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார். "புரிந்துகொள்வார்னு போடக்கூடாதும்மா. புரிஞ்சுதா இல்லையான்னு எப்படி அளப்பீங்க? அளக்கக்கூடிய வினைச்சொல்லாப் போடுங்க. பட்டியலிடுவார், விவரிப்பார், அடையாளம் காண்பார். நாளைக்கு தரமதிப்பீட்டுக் குழு வந்து ஆதாரம் எங்கேன்னு கேப்பான்." நல்ல மனுஷர்தான், அவள் அப்பா இறந்தபோது சேலம் வரை வந்து நின்றவர், அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவள்கூடச் சரி சார் என்றுதான் சொன்னாள், சொல்லிவிட்டு அளக்கக்கூடிய வினைச்சொற்களைத் தேடி எழுதினாள். ஜெனிட்டாவிடம் அளந்து பார்த்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அளக்காமல் விட்டது ஒரு கிழவரின் பெருவிரலில் போய்க் கறுத்திருக்கிறது. சீ, என்ன யோசனை இது, முதியோர் இல்லத்தில் வேறு நர்ஸே இல்லையா, காலையில் சாக்ஸ் மாட்டியவள் பார்க்கவில்லையா, டாக்டர் எங்கே போனார், எல்லாப் பாரத்தையும் ஒரு பாடப்புத்தகத்தின் மேல் போட்டால் எப்படி. அப்படியே விட்டுவிடலாம். இருந்தது ஜெனிட்டா, நீ கவலைப்படாதே என்று ஒரு வரி அனுப்பலாம். இருந்தது என்றால் நீதான் மறந்துவிட்டாய் என்றாகும், இல்லை என்றால் பொய். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி மரத்தடியில் நின்று பதிலைத் தட்டித் தட்டி அழித்திருந்தாள். விரலை எடுத்துவிடுவார்களோ. சர்க்கரைக்காரருக்கு விரலில் ஆரம்பித்தால் அங்கே நிற்காது, பெரியப்பாவுக்கு அப்படித்தான், விரல், பாதம், முழங்கால் என்று. ஜெனிட்டாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டால். அவள் அம்மா பட்டமளிப்பு நாளில் நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தோடு வந்து, மேடம்தான் எம்பொண்ணுக்கு வாயத் தொறந்து விட்டீங்க என்றாள். வாயைத் திறந்தோம். காது?

"மேடம், அடுத்த ஆளைக் கூப்பிடலாமா?" என்றார் ஜெயசிங் சார். பையன் எப்போது முடித்தான், எப்போது போனான், அவன் தன் நாளின் எந்த மணியில் இருந்தான் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டது மிருதுளாவை. வகுப்பிலேயே முதல் மாணவி, பொள்ளாச்சிப் பக்கம், பேசும்போது கைவிரல்களை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வாள், எழுத்துத் தேர்வில் அவள் தாளில் சிவப்பு மையைப் பார்ப்பது அபூர்வம். உட்கார்ந்தாள், வணக்கம் சொன்னாள், ஆறு மணிக்கு எழுந்தாள், பல் துலக்கினாள். மணி மணியாக வந்தது, ஜெயசிங் சார் இப்போதே பேனாவைத் திறந்துவிட்டார், எல்லாக் கட்டத்திலும் முழுசாகப் போடப்போகிறார், மூன்று வருஷத்துக்கு முன் இதே நாற்காலியில் ஜெனிட்டா உட்கார்ந்திருந்தாள், இதே ரொட்டி, இதே சீஸ், இதே மணி மணியான குரல், பூங்கோதை அன்றைக்கும் இப்படித்தான் தலையாட்டியிருப்பாள். கழுத்து நின்றது. அவளாக நிறுத்தவில்லை, அதுவாக நின்றது, கையை உயர்த்தி மிருதுளாவைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தியதும் அவளாகச் செய்தது மாதிரி இல்லை. ஜெர்மனில் கேட்டாள். "உங்கள் ஷூ அழுத்துகிறதா?"

மிருதுளா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். தேர்வு நடக்கும் மொழி ஆய்வுக்கூட அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு வரக்கூடாது, எல்லோரும் வாசலில் விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம், வெறுங்கால். நிமிர்ந்து, ரொம்ப மரியாதையாக, பிழையே இல்லாமல் ஜெர்மனில் சொன்னாள், "என்னிடம் ஷூ இல்லை." ஜெயசிங் சார் சத்தமாகச் சிரித்துவிட்டார். பூங்கோதைக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை, மிருதுளா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், விட்ட இடத்திலிருந்து தொடர வாயெடுத்தாள், ரொட்டி என்றாள், ரொட்டிக்கு அப்புறம் என்ன என்பது போய்விட்டது, மறுபடி ஆறு மணியிலிருந்து ஆரம்பித்தாள், பல் துலக்குவது வரைக்கும் வந்து மறுபடி நின்றாள், பின்னியிருந்த விரல்கள் வெளுத்தன. என்ன காரியம் செய்தோம். சொல்லித் தராததைக் கேட்டுவிட்டோம். வருஷம் முழுக்க ஒப்பிக்கச் சொல்லிவிட்டு இன்றைக்குத் திடீரென்று பேசு என்றால் இவள் எங்கே போவாள், தன் பயத்தைக் கொண்டுபோய் இந்தப் பிள்ளையின் தலையில் கொட்டியாயிற்று, சாரி, விடும்மா, பழையபடி சொல்லு என்று தமிழில் சொல்லப்போனாள். அதற்குள் மிருதுளா பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஜெர்மனில்தான். ஆனால் இது வேறு ஜெர்மன், கல்லும் மண்ணுமாக வந்தது. "என்ன கேட்க நீங்கள் வேண்டும்? நான் படித்தேன் இந்தப் பாடம் ராத்திரி, ராத்திரி. என் அறைத்தோழி தூங்க, நான் கழிவறையில் படித்தேன். நீங்கள் சொன்னீர்கள் இந்தப் பாடம் வரும். இப்போ நீங்கள் ஷூ கேட்கிறீர்கள். ஏன்? இது நல்லது இல்லை. நான் ரொட்டி சாப்பிடவில்லை இன்று. நான் ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்கு பயம்." பூங்கோதையின் கை பழக்கத்தில் பென்சிலை எடுத்து ஒவ்வொரு தப்புக்கும் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே வந்தது, பால் தப்பு, வேற்றுமை தப்பு, வால் தொங்கவேண்டிய இடத்தில் தொங்கவில்லை, தாளின் ஓரம் கோடுகளாகவே நிறைந்துவிட்டது, அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தனக்குப் புரியாமல் போகவில்லை, காலையிலிருந்து இந்த அறையில் யாரோ ஒருத்தர் தன்னிடம் பேசியது இதுதான் முதல். பென்சிலைக் கீழே வைத்தாள். கண் சிவந்து, மூக்கு விடைத்து உட்கார்ந்திருந்த மிருதுளா, அந்த நேரத்திலும் முதல் வாரத்தில் கற்ற மரியாதை விட்டுப்போகாமல், எந்தப் பதிலுக்கும் பின்னால் எதிராளியை விசாரிக்க வேண்டும் என்ற அந்தச் சின்னக் கேள்வியைத் தன்னையறியாமல் கடைசியில் சேர்த்துவிட்டாள். "உண்ட் ஸீ?" உங்களுக்கு?

யாரும் கேட்டதில்லை. இந்த மொழியில் வருஷக்கணக்காகக் கேள்வி கேட்பவள் அவள்தான், பதில் சொல்கிறவர்கள் எதிர்ப்பக்கம். "எனக்கும்தான்" என்றாள் பூங்கோதை, ஜெர்மனில், குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஜெனிட்டாவைப் பற்றிச் சொன்னாள், கிழவரைப் பற்றி, தினமும் சாயங்காலம் நடந்ததைப் பற்றி, எளிய வார்த்தைகளாகப் பொறுக்கிப் பொறுக்கி, மிருதுளாவின் புருவம் சுருங்கும் இடத்தில் நின்று தன் காலைத் தொட்டுக்காட்டி, அழுத்துகிறது என்பதற்குக் கட்டைவிரலால் பாதத்தை அமுக்கிக்காட்டி. மிருதுளா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த மனிதர்? எப்படி இருக்கிறார்?" என்று கேட்டாள், இந்தத் தடவை வேற்றுமைகூடச் சரியாக இருந்ததா என்று பூங்கோதை கவனிக்கவில்லை. தெரியாது என்றாள். "அந்த அக்கா?" அதுவும் தெரியாது. மிருதுளா புரியாதவளாக அவளையே பார்த்தாள், பார்வையில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது, பிறகு வகுப்பில் கட்டளை வாக்கியங்கள் ஒப்பித்த அதே தெளிவில் சொன்னாள். "கேளுங்கள்."

அவள் போனபின் ஜெயசிங் சார் பேனாவை மூடி, திறந்து, மூடினார். அவரும் வயசானவர், பாதி ஜெர்மன் அவருக்கே மறந்திருக்கும், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "இலக்கணம் சுத்தமா போச்சு மேடம்" என்றார் தாழ்ந்த குரலில். "இதுக்கு எந்தக் கட்டத்துல போடறது?"

"தெரியல சார். ஆனா அந்தப் பொண்ணுக்குக் கொறைக்காதீங்க. சிலபஸ் தாண்டினது நான்தான்."

"கொறைக்கறதா? நான் அதைக் கேக்கல. கூடப் போடறதுக்கு எடம் இல்லியே, அதான்."

ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டுப் பையோடு எழுந்தாள். வராந்தாவில் வரிசையாக நின்று கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவளைக் கண்டதும் சட்டென்று அமைதியானார்கள், மிருதுளா உள்ளே நடந்ததை அதற்குள் சொல்லியிருக்க வேண்டும், எல்லா முகத்திலும் கலவரம். "மேடம், பாடத்துலேர்ந்து கேக்க மாட்டீங்களா?" என்றான் ஒருவன். "கேப்பேன்ப்பா. சொன்னதுதான் வரும், பயப்படாதீங்க" என்றாள், "அது முடிஞ்சதும் கொஞ்ச நேரம் சும்மா பேசுவோம், தப்பாப் பேசினாலும் பரவாயில்ல, அதுக்கு மார்க் கெடையாது." சொல்லிவிட்டு மேலே ஒன்றும் சேர்க்காமல் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ஜெனிட்டாவின் எண்ணை அழுத்தினாள். ஜெர்மனியில் இப்போது காலை, இன்னும் தூங்கிக்கொண்டிருப்பாள், எடுக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு மனசு சொன்னது, எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடத் தனக்குத் தைரியம் வராது என்று இன்னொன்று, மணி போய்க்கொண்டே இருந்தது, நீலமேகம் சார் கீழே கார் அருகில் யாரோடோ பேசிக்கொண்டு நிற்பது தெரிந்தது, அவர் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார், இவளும் அசைத்தாள்.

"மேடம்?" தூங்காத குரல்.

"ஜெனிட்டா. அவர் எப்படியிருக்கார்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை போலும். "தெரியல மேடம்" என்றாள் அழுகையை விழுங்கிக்கொண்டு. "எல்லாரும் வேகவேகமாப் பேசிட்டுப் போறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணலாம்னா, யாரக் கேக்கணும், என்னன்னு ஆரம்பிக்கணும், அவங்க பதில் சொன்னா எனக்குப் புரியுமா, ஒண்ணும் தெரியல. நைட்டு பூரா போனக் கையிலயே வச்சுட்டு உக்காந்திருந்தேன் மேடம்."

"சரி. நான் லைன்லயே இருக்கேன். நாம ரெண்டு பேருமாச் சேந்து கேப்போம்" என்றாள் பூங்கோதை. படியில் உட்கார்ந்துகொண்டாள், சேலையில் தூசி ஒட்டுமே என்று நினைக்கக்கூட இல்லை. "ஜெர்மன அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல தமிழ்ல சொல்லு, உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?"